லேப்டாப்புக்கு எலுமிச்சம்பழம்

அத்தியாயம் 17

சென்னகிருஷ்ணன் ஒரு பொருளை ஏற்றுக்கொண்டாரா இல்லையா என்பது ஆயுத பூஜை அன்றுதான் தெரியும். சாமி படத்துக்கு முன்னால் போடும் நீள மேசையில் அது முன்வரிசையில் இருந்தால் ஏற்றுக்கொண்டார். பின்வரிசையில் இருந்தால் இன்னும் யோசிக்கிறார். மேசையிலேயே இல்லை என்றால் அது பழைய இரும்புக் கடைக்குப் போகப் போகிறது.

சுண்டல் பாத்திரத்தோடு பட்டறைக்குள் நுழைந்த மௌனிகா அப்படியே நின்றுவிட்டாள்.

முன்வரிசையில் மைக்ரோமீட்டருக்கும் கைத் துளை மெஷினுக்கும் நடுவே அவளுடைய லேப்டாப் உட்கார்ந்திருந்தது. திரையைச் சுற்றிச் செவ்வந்தி மாலை. நெற்றி மாதிரி இருந்த இடத்தில் தடிமனாகச் சந்தனம், அதன் மேல் குங்குமம். பக்கத்தில் அதன் சார்ஜர். அதற்கும் பொட்டு.

"யாரு வெச்சது?" என்று கணவனிடம் கேட்டாள்.

"நான் இல்ல," என்றான் உதய். தோரணவாயிலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தான். "அப்பாவேதான். காத்தால நீ குளிக்கப் போனப்ப ரூமுக்கு வந்து, 'அந்தப் பொட்டி எங்கடா'ன்னு கேட்டு எடுத்துட்டுப் போனாரு."

மூன்று மாதமாக அவர் அதை 'அந்தப் பொட்டி' என்றுதான் சொல்லி வருகிறார். கணபதி வட்டாரத்தில் பம்பு பட்டறை நடத்துகிற மனிதர். மருமகள் பெரிய கம்பெனி வேலையை விட்டுவிட்டுப் பட்டறைக்கு வந்ததே அவருக்குப் பாதிதான் பிடித்தது. வந்தவள் தன் சேமிப்பை எல்லாம் போட்டு ஒரு லேப்டாப் வாங்கியது முழுதாகவே பிடிக்கவில்லை. அது வந்து இறங்கிய அன்று வாசலிலேயே நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார்.

"இதுல என்ன கொறை?"

எந்த மெஷினை வாங்கினாலும் அவர் முதலில் கேட்பது அதைத்தான். நிறையை விற்கிறவன் சொல்லிவிடுவான். குறையை வாங்கினவன்தான் சொல்ல வேண்டும்.

மௌனிகா மறைக்கவில்லை. "பேட்டரி நிக்காதுங்க மாமா. கனமான வேலை குடுத்தா ஒரு சினிமா முடியற வரைக்கும்கூடத் தாங்காது. சூடாகும். ஃபேன் கத்தும். சார்ஜர் செங்கல்லு கனம். சாதாரண பென் டிரைவ் சொருக எடமில்ல, அதுக்குத் தனியா ஒரு துண்டு வாங்கோணும்."

"அப்பறம் எதுக்கு வாங்குனே?"

"நம்ம பம்புக்குள்ள இருக்கற இம்பெல்லர் சக்கரம் தண்ணிக்குள்ள எப்படிச் சுத்தும்னு, வார்ப்பு ஊத்தாமயே இதுல பாத்துக்கலாமுங்க. ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒரு நாள் பூரா முக்கறதை இது காபி ஆறறதுக்குள்ள முடிக்கும். கீபோர்டு மேல தண்ணி கொட்டுனாலும் தாங்கும். வாசல் வெளிச்சத்துல உக்காந்தாலும் ஸ்கிரீன் தெரியும். கீழ போட்டாலும் ஒண்ணும் ஆகாது."

"போட்டுப் பாத்தியா?"

"இல்லீங்க."

"அப்ப தெரியாதுன்னு சொல்லு," என்று சொல்லிவிட்டுப் போனவர், அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இன்று முன்வரிசையில் வைத்திருக்கிறார்.

மௌனிகாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சந்தோஷத்துக்கு நடுவே ஒரு கணக்கும் ஓடியது. வேலைக்குக் கூப்பிட்டிருந்த பெங்களூருக் கம்பெனிக்கு நாளைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். கென்யாவில் இருக்கும் பண்ணைக் கம்பெனியின் பம்பு ஆர்டர் வந்தால் அவள் இங்கேயே இருப்பாள். வராவிட்டால் பெங்களூரு. அவள் போனால் உதயும் போவான். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. மாமியார் ராமாமணி மட்டும் ஒரு வாரமாகக் குழம்பில் உப்பைக் கூட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

பூஜை தொடங்கியது. ஒவ்வொரு லேத்தாக, ஒவ்வொரு டிரில்லாகச் சாம்பிராணி காட்டிக்கொண்டு வந்த சென்னகிருஷ்ணன், மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டே மேசைக்கு வந்தார். லேப்டாப் திறந்துதான் இருந்தது. மூடி வைத்தால் மெஷின் தூங்குகிற மாதிரி இருக்கும் என்பது அவர் எண்ணம். சொத்தென்று ஒரு கை தண்ணீர் கீபோர்டின் மேல் விழுந்தது. பின்னாலேயே ஒரு பிடி பொரி.

"மாமா!" என்றாள் மௌனிகா.

"தாங்கும்னியே?"

"தாங்குமுங்க."

"அப்ப எதுக்குக் கத்தறே?"

பட்டறை ஆட்கள் சிரித்தார்கள். கற்பூரம் எரிந்து முடிந்தது. வாசலில் பூசணிக்காய் உடைந்து குங்குமமும் சில்லறையும் சிதறின. ஆட்கள் ஸ்வீட் பெட்டியோடு புதுச் சட்டையில் கிளம்பிப் போனார்கள். கடைசியாகச் சென்னகிருஷ்ணன் மெயின் சுவிட்சை இறக்கி, அதன் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்தார். இனி நாளைக் காலை மறுபூஜை போடும் வரை எதையும் தொடக்கூடாது. ஒரு ஸ்பேனர்கூட நகரக்கூடாது.

வீட்டுக் கார் வாசலில் மாலையோடு நின்றது. நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தெருவில் ஒரு சுற்றுப் போய் வந்தாயிற்று.

மதியச் சாப்பாட்டுக்கு இலை போடும் நேரத்தில் மௌனிகாவின் செல்போன் அடித்தது. வெளிநாட்டு எண்.

கிரேஸ் வாஞ்சிரு. பண்ணைக் கம்பெனியில் பம்புகளை வாங்குகிற பொறுப்பில் இருப்பவள். இரண்டு மாதமாக மௌனிகாவோடு ஆங்கிலத்தில் பேசி வருகிறாள்.

"கிணற்றுத் தண்ணீரின் சோதனை முடிவு இப்போதுதான் வந்தது," என்றாள் கிரேஸ். "நாம் நினைத்ததைவிட மணல் அதிகம். ஆழமும் அதிகம். இங்கே இன்னும் காலைதான்; மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் இயக்குநர்கள் கூடி முடிவெடுக்கிறார்கள். உங்கள் இம்பெல்லர் இந்த மணலைத் தாங்குமா என்று அதற்குள் காட்ட முடியுமா? முடியாவிட்டால் இன்னொரு கம்பெனியின் பம்பை எடுத்துவிடுவார்கள்."

"காட்டுகிறேன்," என்று சொல்லிவிட்டு மௌனிகா போனை வைத்தாள்.

வைத்த பிறகுதான் லேப்டாப் எங்கே இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது.

"ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஓட்டலாமா?" என்றான் உதய்.

"அதுல அந்த சாஃப்ட்வேரே இல்லீங்க. லைசென்ஸ் இருக்கறது என்ற லேப்டாப்புக்கு மட்டும்தான். அப்படியே இருந்தாலும் அது நாளைக்குத்தான் முடிக்கும். அதுக்கும் மாமா பொட்டு வெச்சுட்டாரு."

உதய் குரலைத் தாழ்த்தினான். "அப்பா சாப்பிட்டுட்டுச் சித்த நேரம் படுப்பாரு. அப்ப மெதுவா எடுத்துக்கலாம். வேலை முடிஞ்சதும் மாலையோட திருப்பி வெச்சுப்போடலாம்."

"திருடறதுங்களா?"

"நம்ம பொருளை எடுக்கறதுக்குப் பேரு திருட்டா?"

"அவரா வந்து எடுத்து மொத வரிசைல வெச்சிருக்காரு. அதைப் பொறத்தால தூக்கிட்டு வந்தா, ஆர்டரே வந்தாலும் நாளைக்கு அந்தப் பட்டறைக்குள்ள நான் எந்த மூஞ்சியோட போவேன்?"

அவள் நேராகக் கூடத்துக்குப் போனாள். அங்கே சென்னகிருஷ்ணன் தேங்காய்ச் சில்லைக் கடித்துக்கொண்டு பொரி தின்றுகொண்டிருந்தார். அவள் சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் வாயில் இருந்ததை மென்று முடித்தார்.

"நாளைக்குக் காத்தால ஆறு மணிக்கே மறுபூஜை போட்டுத் தாரேன் கண்ணு."

"நாளைக்குன்னா ஆர்டர் போயிருமுங்க மாமா."

"அதுக்காகப் பூஜைல வெச்ச மெஷினை எடுக்க முடியுமா? எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து இன்னைக்கு ஒரு லேத்து ஓடுனதில்ல."

சமையலறையிலிருந்து ராமாமணி கரண்டியோடு வந்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் தெலுங்கு முன்னால் வந்து நிற்கும்.

"ஏமண்டி," என்றாள் கணவனைப் பார்த்து. "காருக்குக் காத்தால பூஜை போட்டீங்கல்ல?"

"போட்டேன்."

"பதினொரு மணிக்கு அதே கார்ல போயி யாரு பால் வாங்கிட்டு வந்தது?"

"அது வண்டி. வண்டிக்கு எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்திட்டா ஓடலாம். ஓடத்தான் வேணும். மெஷின் நிக்கோணும். புஸ்தகம் மூடியிருக்கோணும். அவ்வளவுதான்."

"அப்ப இது வண்டின்னு வெச்சுக்கங்க."

"இது எப்படி வண்டியாகும்? ஆளை ஏத்திக்கிட்டுப் போறது வண்டி. இதை இவதான் தூக்கிக்கிட்டுப் போறா."

உதய்க்குச் சிரிப்பு வந்தது. மௌனிகா அவனை முறைத்தாள்.

"சரிங்க," என்றாள் ராமாமணி. "காருக்குப் பேட்டரி இருக்குதா?"

"இருக்குது."

"ஸ்கூட்டருக்கு?"

"இருக்குது."

"லேத்துக்கு இருக்குதா?"

"லேத்துக்கு எதுக்கு பேட்டரி?"

"புஸ்தகத்துக்கு?"

சென்னகிருஷ்ணன் பொரித் தட்டைக் கீழே வைத்தார். எங்கே கொண்டுவந்து நிறுத்தப் போகிறாள் என்பது புரிந்துவிட்டது.

"அம்மணி," என்று ராமாமணி மருமகள் பக்கம் திரும்பினாள். "உன்ற பொட்டிக்குப் பேட்டரி இருக்குதா?"

"இருக்குதுங்க அத்தை."

"அதை பேட்டரின்னு சொல்றதே பெரிய மனசு," என்றான் உதய்.

"நிக்குதோ நிக்கலியோ, இருக்குதல்ல? பேட்டரி இருந்தா வண்டிங்க."

"அப்ப டார்ச்சு லைட்டு?" என்றார் சென்னகிருஷ்ணன்.

"டார்ச்சு லைட்டுக்குப் பூஜை போட்டீங்களா?"

"இல்ல."

"அப்ப அதைப் பத்திப் பேசாதீங்க."

சென்னகிருஷ்ணன் விதிப்படி நடக்கிற மனிதர். விதியை மீறச் சொன்னால் எழுந்து போய்விடுவார். விதிக்குள்ளேயே ஒரு வழி காட்டினால் அதைத் தட்டிக்கழிக்கவும் அவரால் முடியாது. தவிர, பெங்களூரு என்ற ஊர் அவருக்கும் ஒரு வாரமாகத் தொண்டையில்தான் நின்றுகொண்டிருந்தது.

"சரி," என்று எழுந்தார். "வண்டின்னா முறைப்படிதான் எடுக்கோணும். நாலு எலுமிச்சம்பழம் கொண்டா."

"நாலா?"

"நாலு சக்கரத்துக்கு நாலு."

"அடியில நாலு ரப்பர் கால் இருக்குதுப்பா, சரியா வரும்," என்றான் உதய், உதவி செய்கிறோம் என்று நினைத்து.

மௌனிகா பதறினாள். "வேண்டாமுங்க மாமா! காத்து உள்ள போற ஓட்டை அடியிலதான் இருக்குது. தண்ணி தாங்கறது கீபோர்டு மட்டும்தான். அடியில சாறு போச்சுன்னா அவ்வளவுதான்."

"இந்தக் கொறைய நீ அன்னைக்குச் சொல்லலியே?"

"லேப்டாப்பை எலுமிச்சம்பழத்து மேல ஏத்துவாங்கன்னு அன்னைக்கு எனக்குத் தெரியாதுங்க மாமா."

ராமாமணி வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். சென்னகிருஷ்ணனே ஒரு கணம் உதட்டைக் கடித்தார்.

பிரச்சினையைத் தீர்த்தது சமையலறை. நாலு பழம் இல்லை, ஒன்றுதான் மிச்சம். நால்வரும் பட்டறைக்குப் போனார்கள். மேசை முன்னால் நின்று சென்னகிருஷ்ணன் யோசித்தார். பிறகு சார்ஜரைக் கையில் எடுத்தார். எடுத்தவர் புருவத்தை உயர்த்தி இன்னொரு முறை எடை பார்த்தார்.

"என்ன அம்மணி இது, அரை ஹெச்.பி. மோட்டார் கனம் இருக்குது?"

"சொன்னனுங்களே மாமா."

"இது இல்லாம அது ஓடாதில்ல?"

"சித்த நேரம் ஓடும். அப்பறம் படுத்துக்குமுங்க."

"அப்ப இதுதான் சக்கரம்."

பழத்தைத் தரையில் வைத்தார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். முழங்கால் உயரத்திலிருந்து சார்ஜரை விட்டார். சதக். பழம் பிளந்து சாறு உதயின் புது வேட்டியில் தெறித்தது. சார்ஜரில் ஒரு கீறல்கூட இல்லை.

"இப்ப எடுத்துக்க," என்றார்.

பட்டறையில் மின்சாரம் இல்லை. உதய் மெயின் சுவிட்சைப் பார்த்தான். அப்பா உதயைப் பார்த்தார்.

"அதுக்குப் பேட்டரி கெடையாது," என்றார்.

லேப்டாப் மாலையும் கழுத்துமாக வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்தது. மௌனிகா விரலை வைத்தாள். திறக்கவில்லை. விரல் பட வேண்டிய பொத்தானில் குங்குமம் அப்பியிருந்தது. முகத்தைக் காட்டினாள். அதுவும் இல்லை. கேமராவின் மேல்தான் சந்தனம். துடைக்கப் போனவளின் கையை ராமாமணி பிடித்தாள்.

"வெச்ச பொட்டை வெறுமனே அழிக்கக் கூடாது கண்ணு."

சென்னகிருஷ்ணன் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். மூடியின் பின்பக்கம், ஓரமாக, புதிதாக ஒரு பொட்டு வைத்தார். பிறகு தன் துண்டால் கேமராவையும் பொத்தானையும் துடைத்தார். இடம் மாற்றி வைத்தால் அது அழிப்பது ஆகாது. திரை விரிந்தது. மஞ்சள் தண்ணீர் விழுந்த கீபோர்டு ஒரு எழுத்துக்கூடத் தவறாமல் வேலை செய்தது. இடுக்கில் மாட்டிய இரண்டு பொரியை மட்டும் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்ட வேண்டியிருந்தது.

கிரேஸ் அனுப்பிய புது எண்களைப் போட்டு மௌனிகா ஓட விட்டாள்.

விசிறி எழும்பியது. முதலில் பெருமூச்சு மாதிரி. பிறகு மாவு மில் மாதிரி. திரையில் இம்பெல்லர் சுழல, மணல் நீலப் புள்ளிகளாக அதன் இறக்கைகளில் வந்து மோதியது. ஒவ்வொரு இறக்கையின் நுனியிலும் சிவப்பு படரத் தொடங்கியது.

"செவப்பு நல்லதா கெட்டதா?" என்றார் சென்னகிருஷ்ணன்.

"கெட்டதுங்க. அந்த எடம் தேஞ்சு போயிரும்."

"அப்ப தாங்காதா?"

"இப்படியே ஊத்துனா தாங்காதுங்க. நுனியத் தடிமனாக்கிப் பாக்கறேன்."

மாற்றி வரைந்தாள். மறுபடி ஓட விட்டாள். பாதி போனபோது மின்சாரம் போனது.

திரை மங்கியது. வேகமும் குறைந்தது. மின்சாரம் இல்லை என்றால் இந்த லேப்டாப் தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும். அப்படி அடக்கியும் பேட்டரி இறங்கியது. சென்னகிருஷ்ணன் மூலையில் இருந்த எண்ணைக் கண்டுபிடித்து ஏலம் மாதிரி படிக்க ஆரம்பித்தார்.

"எழுவது. அறுவத்தாறு. அறுவது. ஏம்மா, டேங்க்ல ஓட்டையா?"

"மாமா, படிக்காதீங்க மாமா."

"அம்பத்தஞ்சு."

"தெருவுல எல்லாம் கரண்டு இருக்குது!" ராமாமணி ஜன்னலிலிருந்து கத்தினாள். "நம்மூட்டுல மட்டும்தான் இல்ல! உதய், என்னடா பண்ணி வெச்சே?"

உதய் வாசலுக்கு ஓடினான். பூஜைக்காக மாடியிலிருந்து கேட் வரைக்கும் அவனே இழுத்துக் கட்டிய சீரியல் செட் பல்பு ஓரிடத்தில் வாழைமரத்து ஈரத்தில் பட்டு, வீட்டு டிரிப்பர் சுவிட்சைத் தட்டிவிட்டிருந்தது. சீரியல் செட்டைப் பிடுங்கி எறிந்தான். டிரிப்பரை ஏற்றினான். விசிறி மறுபடி எழும்பியது. சென்னகிருஷ்ணன் நாற்பத்தொன்றில் நிறுத்தினார்.

இப்போது வேறு தொல்லை. சூடு. கை வைக்க முடியவில்லை. சூடானதும் லேப்டாப் வேகத்தைக் குறைத்துக்கொண்டது. முடிய இன்னும் எவ்வளவு நேரம் என்று காட்டிய எண் குறைவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டே போனது.

"அடியில மேசை அடைச்சுக்குது," என்றாள் மௌனிகா. "காத்து போகோணும். ஏதாச்சும் ஓட்டை உள்ள பலகை இருந்தா..."

ராமாமணி உள்ளே போய் இரண்டு இட்லித் தட்டோடு வந்தாள். துணி போட்டு ஊற்றுகிற தட்டு. குழிக்குக் குழி ஓட்டை. கவிழ்த்து வைத்து அதன் மேல் லேப்டாப்பை ஏற்றினார்கள். உதய் டேபிள் ஃபேனைத் திருப்பிவிட்டான். எண் இறங்க ஆரம்பித்தது.

"காலைல இட்லி ஊத்தோணும், நல்லாக் கழுவிக் குடுத்துரு," என்றாள் ராமாமணி.

ஓடி முடிந்தது. இறக்கை நுனிகளில் சிவப்பு இல்லை. ஆனால் கீழே இருந்த இன்னொரு எண் மௌனிகாவின் கண்ணில் பட்டது. நுனி தடித்ததால் பம்பின் திறன் மூன்று சதவீதம் குறைந்திருந்தது. அதே தண்ணீரை இறைக்கக் கொஞ்சம் கூடுதல் மின்சாரம் ஆகும்.

கிரேஸைக் கூப்பிட்டாள். படத்தைக் காட்டினாள். இறக்கை தேயாது என்பதைச் சொன்னாள். பிறகு, கேட்காமலேயே, மூன்று சதவீதத்தையும் சொன்னாள்.

மேசைக்கு அடியில் உதய் அவள் காலை மிதித்தான். "எதுக்குச் சொல்றே?" என்று உதட்டை மட்டும் அசைத்தான். சென்னகிருஷ்ணன் மகனின் தோளில் கையை வைத்து அழுத்தினார். உதய் காலை எடுத்துக்கொண்டான்.

"அங்கே என்ன சத்தம்?" என்றாள் கிரேஸ். "ஏதாவது மில் ஓடுகிறதா?"

"இல்லை. என் லேப்டாப்பின் மின்விசிறி."

கிரேஸ் சிரித்தாள். பிறகு சொன்னாள்: "மற்ற கம்பெனிக்காரர்களும் சற்று முன் அறிக்கை அனுப்பினார்கள். மணலால் அவர்கள் பம்புக்கு எந்தக் குறையும் வராதாம். ஒன்றுகூட. எனக்கு அதுதான் உறுத்துகிறது. கூட்டத்துக்குப் போகிறேன். முடிந்ததும் கூப்பிடுகிறேன்."

அதற்குப் பிறகுதான் சாப்பிட்டார்கள். சாம்பார் ஆறிப்போயிருந்தது. யாரும் சுடவைக்கச் சொல்லவில்லை. உப்பு சரியாக இருந்ததை உதய் மட்டும் கவனித்தான்.

தெருவில் பிள்ளைகள் பட்டாசு வெடிக்க ஆரம்பித்த நேரத்தில் போன் வந்தது. மௌனிகா ஒலிபெருக்கியில் போட்டாள்.

"உங்களுடையதுதான்," என்றாள் கிரேஸ்.

ராமாமணிக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஆனால் மருமகளின் முகம் புரிந்தது. "வந்துருச்சா? வந்துருச்சா?" என்று கேட்டுக்கொண்டே மௌனிகாவின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். உதய் சாறு காய்ந்த வேட்டியோடு நாற்காலியைச் சுற்றி ஒரு சுற்று ஆடினான். சென்னகிருஷ்ணன் ஆடவில்லை. லேப்டாப்பின் பின்பக்கப் பொட்டு கொஞ்சம் கலைந்திருந்தது. அதை விரலால் சரிசெய்துகொண்டிருந்தார்.

"பெங்களூருக்காரங்களுக்கு வரலைன்னு எழுதிப்போடு," என்றார். "இப்பவே எழுது. பேட்டரி இருக்கறப்பவே."

"இன்னும் ஒரு விஷயம்," என்றது போன். கிரேஸ் இன்னும் வைக்கவில்லை. "இயக்குநர்கள் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்கள். பம்புகளைக் கிணற்றில் இறக்கும்போது அதை வடிவமைத்தவர் இங்கே இருக்க வேண்டும். ஒரு மாதம். ஒருவேளை கொஞ்சம் கூடுதலாக."

மௌனிகா அதைத் தமிழில் சொன்னாள்.

உதய் ஆட்டத்தை நிறுத்தினான். ராமாமணியின் கைகள் மருமகளின் கன்னத்திலேயே நின்றன.

"பெங்களூரு வேண்டாம்னு நான் வேண்டிக்கிட்டது இதுக்குத்தானா?" என்றாள். "கென்யான்னா எத்தனை தூரம் இருக்கும்? பஸ்ஸு போகாதல்ல?"

"ப்ளேன்லதான் அத்தை."

"தனியாவா?"

உதய்தான் முதலில் வாயைத் திறந்தான். "நான் கூடப் போலாம். ஆனா ரெண்டு பேரும் போயிட்டா இங்க வார்ப்பு வேலையை யாரு பாக்கறது? தவிர, என்ற பாஸ்போர்ட்டு காலாவதி ஆகி ரெண்டு வருசமாச்சு."

"என்ற பாஸ்போர்ட்டு இருக்குதுங்க," என்றாள் மௌனிகா. "பழைய கம்பெனியில எடுத்தது."

"என்றதும் இருக்குது," என்றார் சென்னகிருஷ்ணன்.

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். பம்பு வாங்க வருகிறவர்களைத்தான் அவர் இதுவரை வழியனுப்பியிருக்கிறார். உக்கடம் தாண்டிப் பக்கத்துப் பாலக்காடு போவதற்கே ஒரு வாரம் யோசிக்கிற மனிதர்.

"உங்களுக்கு எதுக்குங்க பாஸ்போர்ட்டு?" என்றாள் ராமாமணி. "எப்ப எடுத்தீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே? எங்க போறதுக்கு எடுத்தீங்க?"

சென்னகிருஷ்ணன் தட்டிலிருந்து ஒரு பிடி பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார்.